பூட்டு அப்படியே இருக்கிறது, கொட்டிலில்தான் ஒன்றும் இல்லை

பின்வளவு (தெஹிவளை) எழுதியது:

போன புதன் இரவு எங்கள் பின்வளவுக் கொட்டிலை உடைத்துவிட்டார்கள். உடைத்தார்கள் என்று எழுதுவதே பிழை. ஒன்றும் உடையவில்லை. காலையில் குடையோடு செவ்வரத்தம்பூ பறிக்கப் போனேன். கதவு திறந்து கிடக்கிறது, ஆனால் திறக்க வேண்டிய பக்கத்தால் இல்லை. ஆமைப்பூட்டு பூட்டியபடியே இருக்க, முழுக் கதவும் அந்தப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டு பிணைச்சல் பக்கத்தால் வாயைப் பிளந்திருந்தது. கழற்றிய ஆறு ஸ்குரூ ஆணிகளையும் ஒரு சிரட்டையில் போட்டு வாசலில் ஓரமாக வைத்திருந்தார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த எனக்கு இவ்வளவு ஒழுங்கான மாணவன் ஒருவனும் கிடைத்ததில்லை.

போனவை: கிணற்றில் இருந்து கழற்றி வைத்த பழைய தண்ணீர் மோட்டார், மகனின் சைக்கிள், வீடு வயரிங் செய்தபோது மிஞ்சிய வயர் சுருள் இரண்டு, உடைந்த பித்தளைக் குத்துவிளக்கு. அப்பாவின் அலவாங்கைத் தொடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மதில் ஏறுவது கஷ்டம்தான்.

அன்றிரவு நான் கொட்டிலில் இருந்து பதினைந்து அடி தள்ளித்தான் படுத்திருந்தேன். தாழமுக்கம் என்று சொல்லி ஐந்து நாளாகச் சூரியனே தெரியவில்லை. பகலிலும் குசினியில் லைட் போட்டுத்தான் அரிசி களைந்தேன். இரவில் தகரத்தில் கொட்டுகிற மழையில் பக்கத்து அறையில் மகன் இருமினாலும் கேட்காது. ஆள் வந்தால் எரிகிற சோலர் லைட் ஒன்றை வைகாசியில் வாங்கிக் கொட்டில் சுவரில் பூட்டியிருந்தேன். ஆனி, ஆடியில் பூனை நடந்தாலும் பளிச்சென்று எரிந்தது. அன்றைக்கு எரியவில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. மோட்டாரின் சீரியல் இலக்கம் கேட்டார்கள். அதை யார் எழுதி வைக்கிறார்கள்?

இனித்தான் உண்மையான பிரச்சினை. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு. கொட்டில் சாவி கூரைக்குக் கீழே ஒரு ஆணியில் தொங்கும். உள்ளே இருக்கிற ஏணி எங்களுடையது என்றாலும் நாலு வீட்டுக்கும் அதுதான் ஏணி, அதனால் சாவி இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். நாலாம் இலக்க வீட்டு ஐயா, போத்தல் பேப்பர் எடுக்க வருகிற பெடியன்தான் இதைச் செய்திருப்பான் என்று நிற்கிறார். திங்கட்கிழமை பகல் அவருடைய கமராவில் விழுந்த அவன் முகத்தை ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். நான் இன்னும் ஆம் என்று சொல்லவில்லை. அவர் மூத்தவர், எங்களுக்கு முன்பே இங்கே குடிவந்தவர், முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியவில்லை. கமராவைக் கொட்டில் பக்கம் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்கிறார். திருப்பினால் இரண்டாம் இலக்க வீட்டுக் கிணற்றடி முழுதாக விழும். அங்கே இரண்டு குமர்ப்பிள்ளைகள்.

பெரிய பூட்டாக ஒன்று வாங்கினால் போதுமா? ஐயாவுக்கு என்ன சொல்வது?

—

மின்கம்பி எழுதியது:

அக்கா, பூட்டெல்லாம் வீண் செலவு. கொட்டில் தகரத்துக்கு வீட்டுக் கரண்டில் இருந்து ஒரு வயர் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை வந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்பான் 😀

—

கூரைமேல் எழுதியது:

மேலே இருப்பவர் பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது, ஆனால் வாசிக்கிற யாராவது செய்துவிடுவார்கள். ஈரத் தகரத்தில் 230 வோல்ட் கொடுத்தால், ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக இருக்கிற வீட்டில் கரண்ட் விழும். ஒழுங்காக இல்லாத வீட்டில் ஆள் விழும். அது கள்ளனாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? காலையில் பூப் பறிக்க வருவது டீச்சர்தானே. காட்டுப்பன்றிக்கு இழுத்த கம்பியில் ஊர்ச் சனமே செத்த செய்திகள் எத்தனை வந்திருக்கின்றன.

நான் சோலர் பூட்டுகிற வேலை செய்கிறேன், அதனால் லைட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டீச்சர், உங்கள் லைட் கொட்டிலின் வடக்குச் சுவரிலா இருக்கிறது? கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து வடக்கே போகும், செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்பவும் தலைக்கு மேலே வந்து தெற்கே இறங்கும். ஆகவே வைகாசியில் வடக்குச் சுவரில் பூட்டிய சோலர் லைட் ஆனி, ஆடியில் அருமையாக எரியும். ஐப்பசி, கார்த்திகையில் அதே தகடு முழு நாளும் கூரை நிழலில் கிடக்கும். அதற்கு மேல் மூட்டமும் சேர்ந்தால், நல்ல வெயிலில் கிடைப்பதில் பத்தில் ஒன்று, கூடிப்போனால் நாலில் ஒன்றுதான் தகட்டுக்குக் கிடைக்கும். உள்ளே இருப்பது விரல் அளவு லிதியம் பற்றரி. ஐந்து நாள் அதைப் பட்டினி போட்டால் எரியாது.

தகடு தனியாக, வயரோடு வருகிற லைட் வாங்கினால் தகட்டைக் கூரையில் தெற்கு முகமாக வைக்கலாம். மழை மாதத்துக்கு அதைவிட நல்லது குசினியில் இருந்து வயர் இழுத்து, ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே, 10 வொட் எல்ஈடி ஒன்றும் சென்சர் ஒன்றும் போடுவது. படித்த எலக்ட்ரீசியன் ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

—

பின்வளவு எழுதியது:

வடக்குச் சுவர்தான். அட்சக்கோடு, கடகக் கோடு, மகரக் கோடு என்று கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது தம்பி.

—

ஹாட்வெயார் நானா எழுதியது:

டீச்சர், பழைய சோனகத் தெருவில் இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றவன் நான். மழைக்காலம் தொடங்கினால் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் கேட்பது "இதைவிடப் பெரிய பூட்டு இருக்கா?" என்றுதான். நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வியாபாரம்தானே. ஆனால் உங்கள் கள்ளன் பூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. சின்ன ஸ்குரூ ஆணியைத்தான் பார்த்தான்.

பிணைச்சலில் வெளியே தெரிகிற ஸ்குரூ ஆணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், கதவுப் பக்கம் கதவையும் நிலைப் பக்கம் நிலையையும் ஊடுருவுகிற கோச் போல்ட் போடுங்கள். வெளிப்பக்கம் வழுவழுப்பான உருண்டைத் தலை, ஸ்குரூ ட்ரைவர் வைக்க வழியே இல்லை. நட் உள்ளே வரும். நட்டுக்கு வெளியே நீண்டு நிற்கிற முனையைச் சுத்தியலால் இரண்டு அடி அடித்து நசுக்கிவிட்டால் உள்ளே இருந்தும் லேசில் கழலாது. கொண்டிக்கும் அப்படியே. மூடினால் தன் ஆணிகளைத் தானே மறைக்கிற கொண்டி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வேலை, காசே இல்லை. கதவின் பிணைச்சல் பக்கத்து விளிம்பில், மேலே ஒன்று கீழே ஒன்று, நாலு அங்குல ஆணி இரண்டை அடித்து, கொஞ்ச முனை மட்டும் வெளியே நிற்கும்படி தலையை வெட்டிவிடுங்கள். அதற்கு நேரே நிலையில் இரண்டு துளை. கதவை மூடும்போது அந்த முனைகள் துளைக்குள் போய் உட்காரும். பிறகு பிணைச்சலை முழுதாகக் கழற்றினாலும் கதவு அசையாது. என் வாப்பா பலசரக்குக் கடையின் பின்கதவுக்குச் செய்தது இது.

தெஹிவளை என்றால் உப்புக் காற்று. பித்தளைப் பூட்டு கறுக்கும், ஆனால் உடம்பு தாங்கும். துருப்பிடிப்பது வளையம்தான். ஸ்டெயின்லெஸ் வளையம் கேளுங்கள், 316 தரம் கிடைத்தால் நல்லது, 304 தரம் கடற்கரையில் கொஞ்சக் காலத்தில் புள்ளி விழும். சாவித் துவாரத்துக்குள் கிரீஸ் அப்ப வேண்டாம், மணலும் தூசும் ஒட்டி இறுகிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கிக் கொஞ்சம் ஊதிவிடுங்கள்.

அப்படியே, சாமானுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு மூடியிருந்தால் குழியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். கள்ளன் வருவது ஒரு நாள், நுளம்பு தினமும் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் அது வேறு கதை.

—

லண்டன் தெஹிவளையான் எழுதியது:

இங்கேயும் இதே கதைதான் அக்கா. மார்கழியில் பின்னேரம் நாலு மணிபோலச் சூரியன் மறைந்துவிடும், நாள் முழுக்க சாம்பல் நிற வானம், குளிருக்கு யன்னல் எல்லாம் இறுகப் பூட்டு. தோட்டத்து ஷெட்டில் யாராவது வீடு கட்டினாலும் தெரியாது. போன வருஷம் என் ஷெட்டில் இருந்து இரண்டு சைக்கிள் போனது. பிறகுதான் நிலத்தில் கொங்கிரீட் போட்டு இரும்பு வளையம் ஒன்றைப் பதித்தேன். சைக்கிள், புல் வெட்டுகிற மெஷின், ஏணி மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்து அந்த வளையத்தில் பூட்டுகிறேன். ஷெட்டின் யன்னலுக்கு உள்ளே பழைய சாக்கு ஒன்றை ஆணி அடித்து மறைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பாதிப் பேர் மினக்கெட மாட்டார்கள். இங்கே சாமானில் தபால் குறியீட்டையும் வீட்டு இலக்கத்தையும் செதுக்கி வைப்பார்கள். நீங்களும் இனி மோட்டார் போன்ற சாமானின் அடியில் வீட்டு இலக்கத்தைச் செதுக்கி, சீரியல் இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஏணியை வெளியே விடாதீர்கள். அது கள்ளனுக்கு நாம் போடும் கதிரை.

—

கொட்டாஞ்சேனை அம்மா எழுதியது:

நான் பூட்டைப் பற்றி எழுத வரவில்லை. 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டர் காணாமல் போனது. என் மகன் அந்த வீட்டுக்கு முன்னால் நின்று போனில் கதைத்த படம் குழுவில் வந்தது. கீழே ஒரு கேள்விக்குறி மட்டும். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. சிலிண்டரை எடுத்தது அந்த வீட்டுச் சொந்தக்காரரே என்று மூன்றாம் நாள் தெரிந்தது. படத்தை அழித்தார்கள். மகன் வேலைக்குப் போன கடையில் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பெடியன் திங்கட்கிழமை பகல் வந்தான், வழக்கம்போல வந்தான், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். படத்தைப் பொலிஸில் கொடுங்கள், அவர்கள் கேட்பார்கள். ஐயாவிடம், "முறைப்பாடு போட்டிருக்கிறோம், விசாரிக்கிறார்கள், நாங்கள் படம் போட்டால் நாளைக்குப் பிரச்சினை உங்கள் பெயரில்தான் வரும்" என்று சொல்லுங்கள். மூத்தவர்களுக்கு அவர்களுடைய நன்மைக்காகச் சொல்வதுபோலச் சொன்னால் ஏறும்.

—

பின்வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

நானா சொன்ன கோச் போல்ட் பன்னிரண்டு வாங்கினேன். தச்சர் ஒருவர் அரை நாளில் போட்டு முடித்தார். விளிம்பில் ஆணி அடித்துத் தலை வெட்டச் சொன்னபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூடிப் பார்த்ததும், "இது எங்கே பழகினது?" என்று கேட்டார். பெரிய பூட்டு வாங்கவில்லை, பழையதுதான் தொங்குகிறது. அந்த ஆறு ஸ்குரூ ஆணியும் சிரட்டையோடு குசினி யன்னலில் இருக்கின்றன. எறிய மனம் வரவில்லை.

லைட் இப்போது வீட்டுக் கரண்டில். மழை நேற்றும் கொட்டியது, பூனைக்கு எரிந்தது, ஒருமுறை வாழையிலை ஆடியதற்கும் எரிந்தது. மகன் தூக்கம் போகிறது என்று முறைப்பாடு சொல்கிறான். சைக்கிள் போனதற்கு அவன் இவ்வளவு கத்தவில்லை.

கமரா வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டி வரவில்லை. இரண்டாம் இலக்க அக்கா தன் கிணற்றடி விழும் என்று கேள்விப்பட்டு ஐயாவிடம் நேரே போய்விட்டார். என்ன கதைத்தார்களோ, கமரா இப்போது ஒழுங்கை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மதில் ஏறாமல் உள்ளே வருவதற்கு அந்த ஒரு வழிதான், ஆகவே அதுதான் சரியான இடமும்கூட. படம் விஷயத்தில் கொட்டாஞ்சேனை அம்மா சொன்ன வசனத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "அதுவும் சரிதான்" என்றார். பெடியன் சனிக்கிழமை வந்தான். பழைய பேப்பர் ஏழு கிலோ கொடுத்தேன். தராசைப் பிடித்தபடி, "டீச்சர், கொட்டில் உடைச்சவையாமே?" என்று அவனே கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, அவனுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

சாவியை ஆணியில் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டேன். ஒன்று என்னிடம். மற்றதை, நான் ஊருக்குப் போகும் நாட்களில் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாலாம் இலக்க ஐயாவிடமே கொடுத்தேன். படம் விஷயத்தில் மறுத்த மனவருத்தமும் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் கொட்டுகிற மழையில் குடையோடு கேற்றடியில் நின்று கூப்பிட்டார். பீலியில் இலை அடைத்துவிட்டதாம், ஏணி வேண்டுமாம். "சாவி உங்களிடம்தானே ஐயா இருக்கிறது" என்றேன். திரும்பிப் போனவர் பத்து நிமிடத்தில் மறுபடி வந்தார். எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை, உன்னுடைய சாவியைத் தா பிள்ளை என்றார்.