தங்கையை அணைக்க முடிகிறது, அம்மாவை முடியவில்லை. ஏன்?

ஈசூன்வாசி:
வயது 27. எனக்கு ஆட்டிசம் என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அப்பா, அம்மா, தங்கையோடு இருக்கிறேன்.

தீபாவளி வருகிறது. எண்ணெய் வைத்துக் குளித்து, அப்பா அம்மா காலில் விழுவோம். அதில் எனக்குச் சிரமமே இல்லை. எப்போது முடியும் என்று தெரியும். எழுந்ததும் அம்மா அணைத்துக்கொள்வார். அதுதான் கஷ்டம். முதுகை மெதுவாகத் தடவிக்கொண்டே இருப்பார். சட்டைக்கு மேலேயே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மல்லிகை, சாம்பிராணி, நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டும். உடம்பு விறைத்துவிடும்.

தங்கை "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு இறுக்கிப் பிடிப்பாள், சட்டென்று விட்டுவிடுவாள். அது எனக்குப் பிடிக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவள்னா சரி, நான்னா ஆகாதா?" என்று கேட்டார். வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தவரே அம்மாதான். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தெம்பனிஸ்_மாலை:
எனக்கும் ஆட்டிசம் உண்டு. இதில் ஆள் காரணமில்லை, தொடும் விதம்தான் காரணம். மெதுவாக வருடுவதை உணரவே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் தடவினால் அவை நன்றாகத் தூண்டப்படும். பெரும்பாலோருக்கு அது சுகம். நம்மில் பலருக்குத் தாங்காது. ஆனால் அழுத்திப் பிடித்தால் அமைதியாக இருக்கும்.

டெம்பிள் கிராண்டின் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர். சின்ன வயதில் யாராவது அணைத்தால் விலகி விறைத்துக்கொள்வாராம், ஆனாலும் அழுத்தத்துக்கு ஏங்கினார். தடுப்பூசி போட மாடுகளை அழுத்தி நிறுத்தும் கூண்டைப் பார்த்து, 1960களில் தனக்கென்று ஓர் அழுத்தும் இயந்திரம் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். உங்கள் தங்கை கேட்டுவிட்டு வருவதும் அதனால்தான் உங்களுக்கு ஒத்துப்போகிறது.

கிளமெண்டி அங்கிள்:
பெற்ற தாய்தானே தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழகிவிடும்.

தெம்பனிஸ்_மாலை:
ஐயா, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது பழகுவது ஆகாது. நான் வருடக்கணக்கில் அப்படி இருந்திருக்கிறேன். விருந்தாளிகள் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்துக்கிடப்பேன். மகன் விறைத்து நிற்பது அந்த அம்மாவுக்கும் தெரியத்தான் செய்கிறது. அவருக்கு அதில் என்ன சந்தோஷம்?

ஜூரோங் அம்மா:
தம்பி, அம்மாக்கள் பக்கமிருந்து சொல்கிறேன். உங்கள் அம்மா கேட்டது அணைப்பை மட்டும் இல்லை, தனக்கும் இடம் உண்டா என்பதைத்தான். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், நரம்பு விஷயம் அப்புறம். தீபாவளி காலையில் சொல்லாதீர்கள், வருத்தமாகிவிடும், முன்னாடியே சொல்லிவிடுங்கள். "தடவாதீங்கம்மா, இறுக்கிப் பிடிச்சுட்டு விட்டுடுங்க" என்றால் போதும். என் மகன் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான், நான் இரண்டு தோளையும் அழுத்துவேன். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, நன்றி மாலை. இன்று ராத்திரி சாப்பிட்டதும் பேசப் போகிறேன். எப்படிப் பிடிப்பது என்று தங்கை அம்மாவுக்குச் செய்து காட்டுகிறாளாம். மல்லிகையை விடச் சொல்ல மாட்டேன். தேக்கா சந்தைக்குப் போய் அவரே பார்த்துப் பார்த்து வாங்குவது. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் சமாளித்துவிடுவேன்.