தாள் கிழிக்கும் நேரம்: சின்ன வகுப்புகளில் காலைக் காலண்டர் அனுபவங்கள்

கடலூர், அரசுத் தொடக்கப்பள்ளி, இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

ப்ரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வந்ததும் முதல் பத்து நிமிடம் எங்களுக்குக் காலண்டர் நேரம். இன்று என்ன கிழமை, என்ன தேதி, வெயிலா மழையா, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். பல வருடங்களாக நடத்துகிறேன். ஆரம்பத்தில் அதை எவ்வளவு தவறாகச் செய்தேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது அட்டைகள் வைத்திருந்தேன். கிழமைக்கு ஒரு அட்டை, தேதிக்கு ஒரு அட்டை, கிளிப்பில் மாட்டிவிடுவேன். நான் கேட்பேன், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு கார்த்திகை மாதம் தொடர்ந்து மழை விடுமுறை. பள்ளி திறந்த அன்று வெள்ளிக்கிழமை, ஆனால் பலகையில் செவ்வாய் அட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கவனிக்காமல் "இன்று என்ன கிழமை?" என்றேன். இருபத்து நான்கு பேரும் ராகம் போட்டு "செவ்...வாய்க்கிழமை" என்றார்கள். ஒரு குழந்தைகூட நெற்றியைச் சுருக்கவில்லை. அவர்கள் நாளைச் சொல்லவில்லை, அட்டையை வாசித்திருக்கிறார்கள். அது வாசிப்புப் பயிற்சி, சரி. காலம் பற்றி நான் அதுவரை எதுவுமே சொல்லித் தரவில்லை என்று அன்று புரிந்தது.

அடுத்த ஜனவரியில் மளிகைக்கடையில் கொடுக்கும் தினசரி காலண்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன், பிள்ளைகளின் கண் உயரத்தில். தினமும் ஒருவர் வந்து தாளைக் கிழிக்க வேண்டும். கிழித்த தாளைக் குப்பையில் போடக்கூடாது. ஜன்னலிலிருந்து கதவு வரை ஒரு சணல் கயிறு கட்டி, தாள்களை வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு 'நேற்று' என்பது பிடிபடாத வார்த்தை. "நாளைக்கு எங்க ஆயா வந்துச்சு டீச்சர்" என்பார்கள். முந்தாநாளும் நேற்றுதான், போன தீபாவளியும் நேற்றுதான். கயிற்றில் தாள் தொங்க ஆரம்பித்ததும் நேற்று ஒரு பொருளாகிவிட்டது. கையால் தொடலாம். நேற்றுக்குப் பக்கத்தில் முந்தாநாள். நாளை இன்னும் கட்டிலேயே இருக்கிறது, கிழிபடவில்லை. "நேற்று வந்தாள், இன்று வருகிறாள், நாளை வருவாள்" என்ற மூன்று காலமும் இலக்கணப் பாடமாக இல்லாமல் கயிற்றைப் பார்த்தே வாய்க்கு வந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 30ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. அதன் பிறகு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். ஆற்றோரம் இருக்கும் என் பிள்ளைகள் சிலர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளி திறந்த அன்று காலண்டரில் விடுமுறை நாள் தாள்கள் அத்தனையும் கிழிக்காமல் இருந்தன. மொத்தமாகக் கிழித்துவிடலாம் என்று கையை வைத்தேன். அப்போது ஒரு சிறுமி, அதுவரை வகுப்பில் அதிகம் பேசாதவள், எழுந்து கேட்டாள்: "டீச்சர், எங்க வீட்டுல தண்ணி வந்த தாள் எது?"

எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சரி, கண்டுபிடிப்போம் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். காற்று பெரிதாக அடித்த ராத்திரி எது என்றேன். "அன்னைக்குத்தான் கரண்ட் போச்சு" என்றான் ஒருவன். அது சனிக்கிழமை. அவள் யோசித்தாள். மறுநாள் அம்மா மழையிலேயே போய் மெழுகுவத்தி வாங்கி வந்தாள், அப்போது தெருவில்தான் தண்ணீர். அதற்கு மறுநாள் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று தாளைத் தள்ளினோம். டிசம்பர் 2. அவளே அந்தத் தாளைக் கிழித்தாள். அதன் பின்பக்கத்தில் ஒரு வீடும் நீலக் கோடுகளும் வரைந்து, தானே கயிற்றில் மாட்டினாள்.

அன்று காலண்டர் நேரம் பத்து நிமிடத்தில் முடியவில்லை, முதல் பாடவேளை முழுக்கப் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நடந்ததை எதற்கு முன், எதற்குப் பின் என்று அடுக்கத் தெரிவதுதான் இந்த வயதில் நாட்காட்டிப் பாடம். என்ன கிழமை என்று ஒப்பிப்பது அதில் ஒரு சின்னத் துண்டு.

புதுச்சேரி, அரியாங்குப்பம் பக்கம், யு.கே.ஜி. ஆசிரியை:

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள், ஐந்து வயது. அதனால் நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுப்பதில்லை. நாலு கேள்வி கேட்டால் மூன்றாவதிலேயே சட்டைப் பித்தானைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரே கேள்வி, அதை ஒரே குழந்தையிடம் பொறுமையாக. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இங்கே எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வகுப்பில் இருந்தது கடலூர்க் கடையில் கொடுத்த காலண்டர். ஆகஸ்ட் 15 சிவப்பில் இருக்கிறது, 16 கறுப்பில். ஆனால் எங்களுக்கு 16ஆம் தேதியும் விடுமுறை. எல்லைக்கு அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடியிலிருந்து வரும் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அக்காவுக்கு ஸ்கூல் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் லீவு?" அவன் அக்கா தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கிறாள். நவம்பர் 1 வந்தபோதும் இதே கேள்வி.

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்ததும், 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி உறுதியானதும் ஐந்து வயதுக்குச் சொல்ல முடியாது. "ரொம்ப நாளைக்கு முன்னாடி நம்ம ஊரை வேற ஊர்க்காரங்க ஆண்டாங்க, அவங்க திருப்பிக் கொடுத்த நாள் இது. அக்கா ஊரை ஆண்டவங்க வேற" என்று மட்டும் சொன்னேன். அவன் சிவப்புக் கிரேயான் எடுத்து 16ஐத் தடவித் தடவிச் சிவப்பாக்கினான். காலண்டர் கடையில் வருகிற ஒன்றல்ல, நாமும் அதில் எழுதலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தது அன்றுதான். இப்போது பிறந்தநாள், பல் விழுந்த நாள் எல்லாம் எழுதுகிறோம்.

பிறந்தநாள் பற்றி ஒன்று. மே மாதம் பிறந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் கைதட்டலே கிடைப்பதில்லை, கோடை விடுமுறையில் போய்விடும். நான் அவர்களுக்கு நவம்பரில் அதே தேதியில் கொண்டாடுகிறேன். "உனக்கு இன்னைக்கு அஞ்சரை வயசு" என்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

பண்ருட்டி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

எங்கள் காலத்தில் காலண்டரோடு ஈர்க்குச்சியும் உண்டு. பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குச்சி டப்பாவில் போடவேண்டும். பத்து சேர்ந்தால் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்த அன்று நூறாவது நாள். ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்பைக் கரும்பலகையில் எத்தனை தரம் விளக்கினாலும் ஏறாது. கட்டைக் கையில் வாங்கினால் ஏறும். முப்பத்தேழுக்கு மூன்று கட்டும் ஏழு குச்சியும் எடுத்து வரச் சொன்னால், முதல் வகுப்புப் பிள்ளை தப்பில்லாமல் எடுத்து வரும்.

தமிழ்த் தேதியையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கில மாதத்தில் 31க்கு மேல் நாளில்லை. தமிழ் மாதம் சில 29இலேயே முடியும், சில 32 வரை போகும். அந்த 32ஆம் தேதித் தாளைக் கிழிக்கும் பிள்ளைக்கு இருக்கும் ஆச்சரியத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் தாத்தா பாட்டி ஆடி, தை என்றுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சும் வகுப்பறையும் சந்திக்கும் இடம் அந்த ஒரு தாள்தான்.

மீண்டும் கடலூர் ஆசிரியை:

ஐயா, ஈர்க்குச்சியை நானும் ஆரம்பித்துவிடுகிறேன். நன்றி.

அரியாங்குப்பம் டீச்சர், நாமும் எழுதலாம் என்று நீங்கள் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்களுக்குக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வீட்டில் பணத்துக்குத் திண்டாட்டம். அதனால் அந்தத் தேதியை வகுப்பில் பேசவே எனக்குத் தயக்கம். போன மார்ச்சில் ஒரு பையன் தினமும் கட்டைப் புரட்டித் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். ஏப்ரல் 15க்கு எத்தனை தாள் பாக்கி என்று பார்த்தானாம். "அன்னையிலேர்ந்து எங்கப்பா ராத்திரி வீட்டுலதான் டீச்சர் படுப்பாரு."

அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏப்ரல் 15 காலையில் கிழிக்கும் முறை வேறொரு பெண்ணுக்கு. அவள் கையை எடுத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.