ஏழைகளுக்கான நன்கொடையிலிருந்து பணியாளர் ஊதியம் கொடுக்கலாமா?

ஆலங்குளத்தான்:
முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. வந்த நன்கொடையில் பாதிக்கு மேல் களப்பணியாளர் ஊதியத்துக்கே போயிருக்கிறது. அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று நம்பித்தான் நாம் பணம் கொடுக்கிறோம். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளின் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 விழுக்காடு வரம்பை 2020-இல் சட்டத்தைத் திருத்தி 20 ஆகக் குறைத்தார்கள். உள்ளூர்ப் பணத்துக்கு அந்த நியாயம் பொருந்தாதா?

பேட்டைவாசி:
அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் அதே சட்டத்தின் விதிகள், மருத்துவமனை நடத்தும் அமைப்பு மருத்துவருக்கும் பள்ளி நடத்தும் அமைப்பு ஆசிரியருக்கும் தரும் ஊதியத்தை நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. ஊதியம் என்ற தலைப்பைப் பார்த்ததுமே வீண் செலவு என்று முடிவுகட்டுவது சரியல்ல.

வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் சுளகை மடியில் வைத்துக் காலமெல்லாம் இலை வெட்டிச் சுற்றிய பெண் தன் பணத்தைக் கேட்கும்போது, கம்பெனிப் பதிவேட்டில் ‘மாரி’ என்றும் ஆதாரில் ‘மாரியம்மாள்’ என்றும் இருப்பதாலேயே மனு திரும்பி வந்துவிடுகிறது. திருத்தம் கேட்கும் படிவத்தில் கம்பெனியும் கையெழுத்திட வேண்டும். கம்பெனிக்காக இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்கும் பீடிக் கடைக்காரர் கம்பெனிக்குப் போகச் சொல்வார். கம்பெனியிலோ பழைய பேரேட்டைத் தேட வேண்டும் என்பார்கள். அலைகிற நாளில் கூலி கிடையாது. அவர்களுக்காக அலைவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் வயிறு இருக்கிறது. அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்; வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம், குறைந்தபட்சத் தொகையான 1000 ரூபாயாகவே இருந்தாலும், மாதந்தோறும் வரும்.

ஆலங்குளத்தான்:
2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது யாரும் படிவம் கேட்கவில்லை. சோறும் மாற்றுத் துணியும்தான் கேட்டார்கள். மேலும், கம்பெனியும் அரசு அலுவலகமும் செய்ய வேண்டிய வேலையை நன்கொடைப் பணத்தில் முடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பதிவேட்டை ஒழுங்காக எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எப்போது வரும்? இதைக் கேட்டு வாங்க வேண்டியது தொழிற்சங்கம்.

பாளை ஆசிரியை:
வெள்ளம் வடிந்த பிறகு அரசு கொடுத்த 6000 ரூபாய் நிவாரணமும் ரேஷன் கடை வழியாகக் குடும்ப அட்டையின் பேரில்தான் வந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். சோறும் ஆவணமும் ஒரே வீட்டின் தேவைகள்தான். ஆனால் தொழிற்சங்கத்தைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை நானும் ஏற்கிறேன். தனித்தனி மனுக்களாகத் தீர்த்துவைத்தால் அந்தப் பெண்ணின் பிரச்சினை தீரும், கம்பெனியின் பழக்கம் மாறாது. தவறான பதிவுகளைத் திரட்டிச் சங்கத்தின் கையில் கொடுப்பதையும் களப்பணியாளரின் வேலையாக ஆக்க வேண்டும்.

பேட்டைவாசி:
அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சங்கம் பேசி முடிக்கும் வரை அந்தப் பெண்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆலங்குளத்தான்:
காத்திருக்கச் சொல்லவில்லை, தம்பி. எத்தனை மனு எடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது, எத்தனை நிலுவையில் கிடக்கிறது என்பதை ஊதியக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டட்டும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆண்டு நன்கொடையைப் பற்றி யோசிப்பேன்.