புதுப்பிப்பு: தோட்டத்துத் தண்ணீர், ஒரு மாதத்துக்குப் பிறகு

நாள்தோறும் இரண்டு வேளை ஹோஸ் பிடித்தும் செடிகள் வாடுகின்றன, தொட்டியோ சீக்கிரம் காலியாகிவிடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். சொட்டுநீர்க் குழாய் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தேன். அதற்கு முன் கசிவைப் பாருங்கள், மண்ணை மூடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். இரண்டையும் செய்தேன்.

தோட்டத்துக் குழாயை இறுக மூடிவிட்டு, இரவு அதன் கீழே ஒரு வாளியை வைத்தேன். காலையில் அரை வாளி நிறைந்திருந்தது. பார்த்ததும் மனம் பதறிவிட்டது. எத்தனை மாதமாக இப்படி ஓடியதோ! குழாயைக் கழற்றினால், உள்ளே வாஷர் தேய்ந்து விளிம்பு பிய்ந்திருந்தது. புதியதைப் போட்டதும் சொட்டு நின்றது.

அடுத்து மூடாக்கு. காய்ந்த இலைகளை 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்பினேன். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகிவிடும் என்பதால் அங்கே மட்டும் இடைவெளி விட்டேன். மூன்றாம் நாள் இலைகளை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு கணு ஆழத்தில் மண் குளிர்ச்சியாக விரலில் ஒட்டியது. மூடாத பாத்தியில் அதே ஆழத்தில் வெறும் புழுதி! இப்போதெல்லாம் விரலில் ஈரம் படாவிட்டால்தான் தண்ணீர். அதுவும் அதிகாலையில், வேரடியில் மட்டும்.

சொட்டுநீர்க் குழாய் இப்போதைக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பணத்தில் கூரை நீருக்கு ஒரு பீப்பாய் வாங்கப் போகிறேன். 1 மி.மீ. மழை பெய்தால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1 லிட்டர் விழுகிறது. கொசு புகாதபடி பீப்பாயின் வாயில் வலை கட்டிவிடுவேன்.