ரிசல்ட் பட்டியலில் உங்கள் பள்ளி எங்கே? மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பட்டதாரி ஆசிரியர்:
பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு அப்புறம் நடக்கும் ஆய்வுக் கூட்டம் தெரியும்தானே. எங்கள் ஹெச்.எம்.முக்கு உடம்பு முடியாததால் நான் போனேன். மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் தேர்ச்சி விகிதப்படி திரையில் ஓடின, கடைசியில் இருந்தவை சிவப்பில். சிவப்புப் பள்ளிக்காரர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மா, ஓய்வு பெறும் வயது, "கணக்கு டீச்சர் பிரசவ லீவு சார், பதில் ஆள் போடவே இல்லை" என்றார். "காரணம் சொல்லாதீங்க." அடுத்த ஸ்லைடு. காலிப் பணியிடம் என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை. நூறு சதவீதப் பள்ளிகளுக்குக் கைதட்டல் வேறு. ஒன்பதாம் வகுப்பிலேயே யாரையெல்லாம் வடிகட்டினார்கள் என்பது அங்கே யாருக்குத் தெரியாது?

ஆறாம் வகுப்பு அப்பா:
மகளைச் சேர்க்க இரண்டு அரசுப் பள்ளிகள் பார்த்தோம். இரண்டும் ஒரே பஸ் ரூட். ஒன்றில் ஹைடெக் லேபில் பிள்ளைகள் வினாடி வினா எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றிலும் அதே லேப்தான், ஆனால் கம்ப்யூட்டர் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையையே கழற்றவில்லை. மேசை முழுக்க விலையில்லாப் பாடநூல் கட்டுகள். கேட்டால் "நெட் வரலை சார்". பேப்பரில் இரண்டு பள்ளிக்கும் 'லேப் உண்டு' என்றுதானே இருக்கும்?

கிராமத்து டீச்சர்:
வடிகட்டினார்கள் என்று எல்லாரையும் ஒரே போடாகப் போடாதீர்கள் சார். நாங்களும் நூறு வாங்கியிருக்கிறோம். பரீட்சைக்கு முதல் நாள் செங்கல் சூளைக்கே போய், மண் கையோடு நின்ற பையனிடம் ஹால் டிக்கெட்டைக் கொடுத்துக் கூட்டி வந்தோம்.
பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். 20 பேர் எழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் 5 சதவீதம் போச்சு. 200 பேர் எழுதினால் அரை சதவீதம்தான். ஒன்பதில் எத்தனை பேர் படித்தார்கள், மறுவருடம் பத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று பாருங்கள். ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயம் ஆகிறது. எண்ணிக்கை குறைந்தால் 'உபரி' என்று ஆளைத் தூக்கிவிடுவார்கள். ஆள் போனால் பெற்றோர் டிசி கேட்பார்கள். அப்புறம் எண்ணிக்கை எங்கே ஏறும்? பள்ளி மானியமும் அப்படித்தான். சமக்ர சிக்ஷா என்கிற மத்திய அரசுத் திட்ட விதிப்படி 250 பேரைத் தாண்டினால் 75,000 ரூபாய், 1000 பேர் வரை அதே தொகைதான். 260 பேர் படிக்கும் பள்ளிக்கும் 980 பேர் படிக்கும் பள்ளிக்கும் சாக்பீஸ், கரண்ட் பில், கழிவறைச் சுத்தம் எல்லாம் அதற்குள். வெளியில் நின்று பார்த்தால் பெரிய பள்ளி பணக்காரப் பள்ளி மாதிரித் தெரியும்.

பழைய மாணவன்:
அவர் கேட்டது லேப், கிடைத்தது மானிய விதி! சரி டீச்சர், நான் அந்த வடிகட்டிய கூட்டத்தில் ஒருவன். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் "ஐடிஐ போ, நல்லா வருவே" என்று டிசி எழுதிவிட்டார்கள். அம்மாவிடம் கையெழுத்து வாங்கும்போது அலுவலக அறையில் இருந்தவர் "பள்ளிக்கூடம் பேரு கெடக்கூடாதும்மா" என்றார். அம்மா தலையாட்டினார். எனக்கு அதுதான் ஆறவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்து பத்து பாஸ் செய்தேன், கணக்கில் 35க்குக் கொஞ்சம் மேலே.

ஆறாம் வகுப்பு அப்பா:
ஒன்பது, பத்து எண்ணிக்கையை யாரிடம் கேட்பது டீச்சர்? ஹெச்.எம். தருவாரா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டுமா?