அமெரிக்க வரி பாக்கி, படிவம் 8857: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை அமெரிக்காவில் விவாகரத்து முடிந்து, பையனோடு இங்கே அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அங்கே கணவனும் அவளும் சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கில் பாக்கி. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதம் இவளைத் தேடி வருகிறது. வரியை அவர்தான் கட்டணும் என்று கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் கூட்டுக் கணக்கென்றால் இருவரில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாமாம், தீர்ப்பு ஐஆர்எஸ்ஸைக் கட்டுப்படுத்தாதாம். நல்ல நியாயம்!

அந்தக் கூட்டு வரிப் பொறுப்பிலிருந்து இவளை விடுவிக்கக் கேட்கும் படிவம் 8857 நிரப்புகிறோம். வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 250 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பணக்கஷ்டமாகப் பொதுவாக ஏற்பார்கள் என்று ஐஆர்எஸ்ஸின் 2013-34 விதிமுறையில் படித்தேன் (சொத்து இருந்தால் வேறு கதை). ஆனால் குடும்பத்தார் செலவைப் பார்த்துக்கொண்டால் அதையும் கணக்கில் எடுப்பார்களாம். இங்கேதான் இடிக்கிறது. வாடகை கிடையாது, சாப்பாடு அப்பா பென்ஷனில். இவளுக்கோ டியூஷன் காசு மட்டும். பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு வளையல் அடகில் இருக்கிறது.

அப்பா தருவதை எப்படிக் காட்டுவது? அடகு ரசீது, ரூபாய்க் கணக்கு ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுபடுமா? இந்தியாவிலிருந்து இதை அனுப்பியவர்கள், இது தெரிந்த பெங்களூரு ஆடிட்டர் யாரையாவது அறிந்தவர்கள், இன்பாக்ஸில் சொன்னாலும் போதும்.