வெள்ள நிவாரணம் போட்டாச்சு என்கிறார்கள், பாஸ்புக்கில் காணோம். என்ன செய்யலாம்?

கேட்டவர் (விழுப்புரம் மாவட்டம்):
வணக்கம். 2024 ஃபெஞ்சல் புயலில், சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணை எங்கள் வயலுக்குள் வந்துவிட்டது. 2 ஏக்கர் சம்பா நெல், பக்கத்திலேயே 1 ஏக்கர் சவுக்கு. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நெல் இருந்த இடத்தில் ஆற்று மணல்தான் கிடந்தது. முழங்கால் வரை புதைகிறது. சவுக்கு பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டது.

நெல்லுக்குப் பணம் அனுப்பியாச்சு என்று விஏஓ பட்டியலைக் காட்டினார். என் பெயர் இருக்கிறது. ஆனால் சொசைட்டிக் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. சவுக்குக்குப் பட்டியலில் பெயரே இல்லை. சாய்ந்த மரத்தை வியாபாரியிடம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். இனிமேல் கேட்க முடியுமா?

பதில் 1:
அண்ணா, முதலில் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கைத் தேடிப் போகாது, ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கேதான் போகும். எங்கள் அப்பாவுக்கு நூறு நாள் வேலைக்காகத் திறந்த கணக்கில் கிடந்தது. ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டால் வங்கி பெயர் வந்துவிடும்.

தொகையையும் சரிபாருங்கள். பாசன நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 என்று அறிவித்தார்கள், சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2 ஏக்கருக்கு 13,750 ரூபாய் சுமாருக்கு வர வேண்டும்.

பதில் 2 (கடலூர் மாவட்டம்):
தம்பி, சவுக்கை விட்டுவிடாதீர்கள். பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் எக்டேருக்கு 22,500 அறிவித்தார்கள். 1 ஏக்கருக்கு 9,100 வரும். அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடு) அந்த சர்வே எண்ணுக்கு என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். நெல் என்று மட்டும் இருந்தால் கணக்கெடுக்க வந்தவர்கள் சவுக்கை விட்டிருப்பார்கள்.

2011 தானே புயலில் நானும் இப்படித்தான் அவசரப்பட்டு வெட்டிவிட்டேன், அப்புறம் காட்ட ஒன்றுமில்லாமல் நின்றேன். உங்களிடம் எடைமேடை ரசீது இருக்குமே? தேதியும் டன்னும் அதில் இருக்கும். வேர்க்கட்டைகளை இன்னும் பிடுங்கவில்லை என்றால் அப்படியே விட்டு, பட்டாதாரர் நிற்கிற மாதிரி படம் எடுங்கள். எல்லாம் சேர்த்துத் தாசில்தாருக்கு மனு, ஒரு நகல் தோட்டக்கலை அலுவலகத்துக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பே கிடையாது.

பதில் 3:
மணலை யாருமே சொல்லவில்லையே. மாநிலப் பேரிடர் நிதி விதியில் (2022-26) சிறு, குறு விவசாயி நிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற எக்டேருக்கு 18,000 வரை தனியாக உண்டு. பயிர் நிவாரணம் வேறு, இது வேறு. சிறு விவசாயி சான்று வைத்து அதே மனுவில் கேளுங்கள். பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் அதுவும் வேறு கணக்கு. ஊர் அளவில் அறுவடைப் பரிசோதனை செய்த பிறகுதான் வரும், இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
முதல் பதிலில் ஆதார் பற்றிச் சொன்னது சரிதான். நகைக் கடனுக்காக டவுனில் ஒரு வங்கியில் கணக்கு திறந்திருந்தேன், நெல் பணம் அங்கே கிடக்கிறது. ரொம்ப நன்றி. அடங்கலில் மூன்று ஏக்கரும் நெல் என்றே இருக்கிறது. எடைமேடை ரசீது இரண்டு கிடைத்தது. வேர்க்கட்டையும் மணலும் சேர்ந்து தெரிகிற மாதிரி, அளவுகோலை நட்டுப் படம் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மனுவோடு போகிறேன்.